வவ்வால் திருக்கை இழுத்துச் செல்லும் படகு

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது டோமாலெஸ் வளைகுடா. வரைபடத்தில் பார்த்தால் யாரோ அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தது போலிருக்கும். நீளம் 24 கி.மீ., அகலம் ஒன்றரை கி.மீ. அளவுதான். நேர்கோட்டுக்குக் காரணம் அடியில் இருக்கிறது. கலிபோர்னியாவை அவ்வப்போது உலுக்கும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இந்த வளைகுடாவின் அடியில்தான் ஓடுகிறது. 1906 பூகம்பத்தில் வளைகுடாவின் தென்கோடியை ஒட்டிய நிலம் ஒரே நிமிடத்தில் 5 மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. கிழக்குக் கரையில் பால் பண்ணைகளும் சிப்பி வளர்ப்பவர்களும். மேற்குக் கரையில் 1962இல் பாதுகாக்கப்பட்ட கடற்கரையாக அறிவிக்கப்பட்ட பாயின்ட் ரேயஸ் முனை. அங்கே மான் கூட்டங்கள் மேய்கின்றன.

கோடைக் காலத்தில், மூடுபனி விலகுமுன்பே, கார் கூரைகளில் கயாக்குகளைக் கட்டிக்கொண்டு மீன்பிடிப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். காரணம் காற்று. காலையில் கண்ணாடி போலிருக்கும் நீர், பிற்பகலில் வடமேற்குக் காற்று கிளம்பியதும் நுரைத்துக் கொந்தளிக்கும். அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அவர்கள் ஏறும் கயாக், எஸ்கிமோக்கள் சீல் தோலால் செய்த படகின் பிளாஸ்டிக் பேரன். நீளம் 12 முதல் 14 அடி. உள்ளே நுழைந்து உட்கார வேண்டியதில்லை. மேலேயே உட்காரலாம். அலை அடித்து ஏறிய தண்ணீர், தளத்திலுள்ள துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். கட்டைகளின் இடுக்கு வழியே நீரை வடியவிடும் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை எதுவுமில்லை. பின்னால் ஒரு பால் கூடையைக் கட்டி, அதில் தூண்டில் கழிகளைச் செருகி வைப்பது இங்கே வழக்கம். துடுப்பு, இடுக்கி எல்லாமே கயிற்றால் படகோடு கட்டப்பட்டிருக்கும். கவிழ்ந்தால் கட்டாத பொருள் கடலுக்குச் சொந்தம்.

இந்தக் கரைக்குக் கயாக் புதிதல்ல. 1812இல் ரஷ்யர்கள் இதற்குச் சற்று வடக்கே ராஸ் கோட்டையைக் கட்டியபோது, அலாஸ்காவிலிருந்து அலூட் வேட்டைக்காரர்களைத் தோல் படகுகளோடு கூட்டிவந்தார்கள். குறி கடல் நீர்நாய். அதன் ரோமத்துக்குச் சீனாவில் நல்ல விலை. சத்தமில்லாமல் நெருங்கும் அந்தப் படகுகளிலிருந்து ஈட்டி எறிந்தார்கள். முப்பது ஆண்டுக்குள் நீர்நாய்கள் அருகிப்போயின. 1841இல் ரஷ்யர்கள் கோட்டையை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். சத்தமில்லாத படகு எவ்வளவு கொடிய ஆயுதம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இன்று குறி மூன்று: ஹாலிபட், வவ்வால் திருக்கை, சிறுத்தைச் சுறா.

ஹாலிபட் தட்டை மீன். தமிழ்நாட்டு மீன் கடைகளில் எருமை நாக்கு என்று விற்கும் மீனுக்குத் தூரத்து உறவு. (அந்த இந்திய ஹாலிபட்டின் அறிவியல் பெயரிலேயே 'எருமெய்' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது.) குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும், பக்கத்துக்கொரு கண். வளர வளர ஒரு கண் தலையைத் தாண்டி மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். பிறகு ஒரு பக்கமாகவே மணலில் படுத்து, இரண்டு கண்ணையும் மேலே நீட்டிக் காத்திருக்கும். தட்டை மீன்களில் கண் எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் இனத்துக்கு இனம் நிலையானது. கலிபோர்னியா ஹாலிபட் அப்படியில்லை. சில இடக் கண்ணர்கள், சில வலக் கண்ணர்கள். 22 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. பல் கூர்மையானது. உயிரோடு மடியில் இழுத்துப் போட்டால் கயாக்கே கவிழும் அளவுக்குத் துள்ளும். அதனால் விவரமறிந்தவர்கள் நீரிலேயே செவுளை அறுத்து, ரத்தம் வடிந்து அடங்கிய பிறகே ஏற்றுகிறார்கள்.

வவ்வால் திருக்கை வேறு ரகம். வவ்வால் என்றதும் வறுவலுக்கு வாங்கும் மீனை நினைக்கக் கூடாது. இது இறக்கை விரித்தால் ஒரு ஆள் அகலம். பெரியது 90 கிலோ வரை வரும். மட்டி இருக்கும் சேற்றின்மேல் நின்று இறக்கைகளை அடித்துக் குழி பறிக்கும். ஓட்டோடு மென்று துப்பும். கணவாய்த் துண்டைக் கவ்வியதும் படகையே இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். மோட்டார் படகில் இது வெறும் மீன்பிடிப்பு, கயாக்கில் மாட்டு வண்டிப் பந்தயம். அரை மணி நேரம் கழித்து மீனும் மனிதரும் சேர்ந்தே களைக்கிறார்கள். வாலடியில் விஷ முள் உண்டு. ஆகவே பெரும்பாலோர் படகில் ஏற்றாமல் நரம்பை அறுத்து விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் திருக்கைக்கு ஒரு பழைய வழக்கு பாக்கி இருக்கிறது. சிப்பிகளைத் தின்று தீர்க்கிறது என்று சொல்லி, கலிபோர்னியாவின் சிப்பி வளர்ப்பவர்கள் நெடுங்காலம் பாத்திகளைச் சுற்றி வேலியடித்தார்கள், பொறி வைத்துக் கொன்றார்கள். பின்னர் ஆய்வாளர்கள் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது சிப்பி கிட்டத்தட்ட இல்லை. இருந்தவை நண்டு, மட்டி, புழு. சிப்பியை உடைத்துத் தின்பது நண்டு. நண்டைத் தின்பது திருக்கை. காவலாளியைத் திருடன் என்று அடித்திருக்கிறார்கள்.

சிறுத்தைச் சுறா ஒன்றரை மீட்டர் வரை வளரும். முதுகில் கறுப்புப் புள்ளிகள், சாது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் சூல் கொண்ட பெண் சுறாக்கள் குட்டி போட வளைகுடாவின் ஆழமில்லாத பகுதிகளுக்கு வருகின்றன. கயாக் மிக எளிதாகப் போகக்கூடிய இடமும் அதுவே. ஒரு பெண் சுறா தாயாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 36 அங்குலத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது, ஒருவருக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சூல் கொண்ட சுறா எப்போதுமே 36 அங்குலத்தைத் தாண்டியதாயிற்றே. அதை வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் படம் எடுத்தால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். படகை ஒட்டி நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுவதுதான் சரி. 2017இல் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில், மூளையைத் தாக்கும் ஒரு நுண்ணுயிரால் நூற்றுக்கணக்கான சிறுத்தைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. அவற்றுக்குத் தூண்டில் மட்டுமே எதிரியல்ல.

மனிதருக்கும் இங்கே ஆபத்து குறைவில்லை. கோடையிலும் வெளிக் கடலின் நீர் உறைய வைக்கும். ஈர உடுப்பு இல்லாமல் விழுந்தவரின் விரல்கள் சில நிமிடங்களில் வேலை செய்ய மறுக்கும். அதைவிட மோசம் முகத்துவாரம். வெளியே பெரிய அலை உருண்டு வரும்போது உள்ளிருந்து வற்று நீர் வேகமாக வெளியேறினால், இரண்டும் மணல் திட்டில் மோதிச் சுவராக எழும். பலர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். சீல்களைத் தேடி வெள்ளைச் சுறாவும் அந்தப் பக்கம் வரும். 1994 முதல் கலிபோர்னியாவில் அதைப் பிடிப்பது குற்றம். அதற்கு மனிதரைப் பிடிக்கத் தடையேதுமில்லை. ஆகவே ஹாலிபட் எத்தனை இருந்தாலும், தெரிந்தவர்கள் ஹாக் தீவைத் தாண்டி அதிகம் போவதில்லை.

பிடித்த சுறாவைச் சமைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில், கிழக்குக் கரை மலைகளுக்குள் இருக்கிறது. காம்போனினி என்ற பாதரசச் சுரங்கம் 1964 முதல் 1970 வரை அங்கே இயங்கியது. கழிவைத் தடுத்து நின்ற அணை 1982 புயல் மழையில் உடைந்தது. பாதரசம் வாக்கர் ஓடை வழியாக வளைகுடாவுக்கு வந்தது. 1998க்குப் பிறகுதான் அரசு அந்த மலைச் சரிவைக் கட்டிச் சீர் செய்தது. சேற்றில் படிந்ததைப் புழுவும் மட்டியும் தின்ன, அவற்றைச் சுறாவும் திருக்கையும் தின்கின்றன. சுறா நீண்ட நாள் வாழ்கிறது. வாழ்நாளெல்லாம் சேர்த்து வைக்கிறது. குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும் இந்த வளைகுடாவின் சுறாவைச் சாப்பிட வேண்டாம் என்கிறது மாநில அரசு.

ஆயிரம் டாலர் கயாக்கில் வருபவருக்கு இது பெரிய இழப்பல்ல. படம் எடுத்து, விட்டுவிட்டு, ஹாலிபட்டோடு வீட்டுக்குப் போவார். கரையோரத்தில் நின்று, இரவுச் சாப்பாட்டுக்காகத் தூண்டில் போடுபவர்களுக்கு எளிதில் மாட்டுவது சுறாவும் திருக்கையும்தான்.