இரண்டு கட்டில் வழக்கு

மனுவின் ஏழாவது பத்தியில்தான் வழக்கே இருந்தது. மனைவி ஆறு ஆண்டுகளாகத் தனி அறையில் படுத்துக்கொண்டு, தாம்பத்திய உறவுக்கு மறுத்து, மனுதாரரை மன உளைச்சலுக்கு ஆளாக்கி வருகிறார். ஆகவே இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவின்படி, கொடுமை என்ற காரணத்தின் பேரில் விவாகரத்து வேண்டும். மற்ற பத்திகளில் கல்யாணத் தேதி, மண்டபம், பிள்ளைகள், பெரியவர்கள் சமாதானம் பேசியது என்று எல்லா மனுக்களிலும் வருவதுதான் வந்தது. அடி, உதை, வசை, வேறொரு தொடர்பு என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு கட்டில் வேறு வேறு அறையில் கிடக்கிறது என்பதுதான் முழுக் குற்றச்சாட்டும்.

நான் மனைவிக்காக ஆஜரானேன். கணவருக்குச் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர் வேலை; எஸ்டேட் கொடுத்த வீட்டில் குடித்தனம். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இத்தகைய வழக்குகளை மூடிய அறைக்குள் நடத்த வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு. அதனால் அவர்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே சொல்ல மாட்டேன்.

ஏற்காட்டிலிருந்து ஒரு திருமண வழக்கு வந்தால், முதலில் கட்சிக்காரர் எந்தச் சமூகம் என்று கேட்டாக வேண்டும். மலையாளிப் பழங்குடியினர் நிறைந்த மலை அது. சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிடாதவரை, பட்டியல் பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று 2ஆம் பிரிவு சொல்கிறது. அவர்களுக்கு அவர்களுடைய வழக்காறுதான். இதைக் கேட்காமல் மனுப் போட்டு, பாதியில் முட்டி நின்ற வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தம்பதி, பாட்டன் காலத்தில் தோட்ட வேலைக்காகக் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே சட்டம் பொருந்தியது.

அந்த அம்மா சொன்னதை எழுதிக்கொண்டபோதுதான் வழக்கின் உருவம் தெரிந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கார்த்திகை, மார்கழியில் பனி சுவரெல்லாம் ஊறும். காப்பிப் பழம் எடுக்கும் பருவமும் அதுதான். விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கப் போய்விட வேண்டும். முப்பது வருஷம் ஈரத்திலும் குளிரிலும் நடந்து கணவருக்கு மூட்டுவலி. இரவில் ஜன்னலைச் சாத்தி, கட்டிலுக்குப் பக்கத்தில் கணப்புச் சட்டி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மனைவிக்கோ இளைப்பு. கரி வாடை பட்டால் நெஞ்சு அடைக்கும். சேலத்தில் பார்த்த டாக்டர், புகை ஆகவே ஆகாது என்று சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். அவர் சூடில்லாமல் தூங்க முடியாதவர், இவர் சூட்டுச் சட்டி இருந்தால் மூச்சுவிட முடியாதவர். மிளகு மூட்டை போட்டிருந்த பக்கத்து அறையைக் காலிசெய்து, அந்த அம்மா தன் கட்டிலை அங்கே போட்டுக்கொண்டார். கட்டிலைத் தூக்க ஒரு பக்கம் பிடித்தவர் கணவர்தான்.

(மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைத்துக்கொண்டு தூங்குவது இளைப்பு இல்லாதவருக்கும் ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். எதிர்த்தரப்பு என்றாலும் அவரிடம் இதைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்தேன், சொன்னேன்.)

ஐந்து வருஷம் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை. பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு வந்து தங்கிய சொந்தக்காரர்கள் இரண்டு கட்டிலைப் பார்த்தார்கள். பெண்டாட்டி தள்ளி வைத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. கணவரின் அக்கா நேரில் கேட்டார். குடும்ப நல நீதிமன்றத்தின் சமரசப் பேச்சில் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இது ஒன்றைத்தான்: “ஊரே சிரிக்குதுங்க.” நாற்பது கிலோ மூட்டையைத் தோளில் தூக்குகிற ஆள், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் வக்கீலைத் தேடிக் கீழே இறங்கியிருக்கிறார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கையில் பலமான ஆயுதம் ஒன்று இருந்தது. சமர் கோஷ் எதிர் ஜயா கோஷ் வழக்கில், 2007 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. நீதிபதி தல்வீர் பண்டாரி எழுதியது. கணவன், மனைவி இருவரும் மேற்கு வங்கத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், 1984இல் திருமணம். அவர்கள் தனித்தனி அறையில் தூங்கியதை வைத்து மட்டும் தாம்பத்தியம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, மனைவி உயர் பதவியில் இருப்பவர் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கணவருக்கு விவாகரத்து கிடைத்தது. அந்த ஒரு வரியைப் பிய்த்தெடுத்து, தனி அறை என்றாலே கொடுமை என்று அப்போது பல மனுக்களில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பை முழுக்கப் படித்தால் வேறு கதை. அங்கே தனி அறை தனியாக நிற்கவில்லை. மனைவி குழந்தை வேண்டாம் என்று தானாக முடிவெடுத்தார். தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டார். கணவர் நோயில் கிடந்தபோது கவனிக்கவில்லை என்று விசாரணை நீதிமன்றம் கண்டிருந்தது. பதினாறு வருஷத்துக்கு மேல் அவர்கள் பிரிந்தே வாழ்ந்திருந்தார்கள். எவையெல்லாம் மனரீதியான கொடுமை ஆகலாம் என்று அந்தத் தீர்ப்பு காட்டும் உதாரணங்களிலும், உடல் இயலாமையோ தகுந்த காரணமோ இல்லாமல் நெடுங்காலம் உறவுக்கு மறுப்பது என்றுதான் இருக்கிறது. அந்தத் ‘தகுந்த காரணம்’ என்ற இரண்டு சொல்லுக்குள்தான் என் கட்சிக்காரரின் நெஞ்சும் நுரையீரலும் இருந்தன.

இங்கிலாந்தில் 1948இல் ஹோப்ஸ் எதிர் ஹோப்ஸ் என்று ஒரு வழக்கு. மனைவி தனி அறையில் படுத்தார், கணவரின் துணிகூடத் துவைக்கவில்லை. ஆனால் சாப்பாடு ஒரே மேசையில் நடந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் ஆனால்தான் அது பிரிவு. இது ஒரே குடித்தனம் என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் மறுபக்கத்தைச் சொன்னது: ஒரே வீட்டில் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாமல் இருக்கவும் முடியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கட்டில் எங்கே கிடக்கிறது என்பதல்ல கேள்வி. அந்த வீட்டில் ஒருவருக்காக இன்னொருவர் எதையாவது செய்கிறாரா என்பதுதான்.

அதைத்தான் குறுக்கு விசாரணையில் கேட்டேன். சமையல் யார்? “அவதாங்க.” வெந்நீர்? “அவதான்.” முட்டிக்குத் தைலம் தேய்ப்பது? சற்றுத் தயங்கி, “அவதான்.” ராத்திரி கணப்புச் சட்டியில் கரி போட்டுக் கனிய வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது யார்? அவர் பேசவில்லை. நீதிபதி கேள்வியைத் திரும்பப் படித்தார். “அவதாங்க அம்மா. வாயைத் துணியால கட்டிக்கிட்டு வெப்பா.” அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த அம்மாவின் முறைதான் கொடுமையாக இருந்தது. கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டதை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2024 வரை நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு காவல் நின்றது. ஆனால் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுவிட்டால் அந்தக் காவல் விலகிவிடும். கடைசியாக எப்போது, மாதம் எத்தனை முறை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுக்கொண்டே போனார். ஆபாசமான கேள்விகளை நீதிமன்றம் தடுக்கலாம் என்றது அதே சட்டத்தின் 151ஆம் பிரிவு. ஆனால் வழக்கின் மையமே அதுவாக இருக்கும்போது அது பெரிய உதவி செய்யாது. வாய்தாவுக்கு வாய்தா இருபது கொண்டை ஊசி வளைவில் இறங்கி, மருந்து உறிஞ்சியை மடியில் முடிந்துகொண்டு வந்த ஒரு பெண்ணிடம், பேரன் எடுக்கும் வயதில், அந்நியர்கள் நடுவே இதைக் கேட்கிறார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. அவர் பதறவில்லை. “தூங்கறதுக்குத்தாங்க அம்மா வேற ரூமு. மத்ததுக்கு இல்ல,” என்றார். கணவர் அதை மறுக்கும்படி தன் வக்கீலிடம் எதுவும் சொல்லவில்லை.

கல்யாணமான ஒரு பெண்ணுக்குத் தன் உடம்பைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதை டாக்டர் சீட்டை நீட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்பது என் ஆற்றாமை. சீட்டு இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்? மாதவிடாய் நிற்கும் வயதில் வியர்த்துப் புரள்கிறவர்கள், விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள், படுத்த படுக்கையான மாமியாருக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியவர்கள். ஆண்களிலும் உண்டு. காரணத்தைக் கேட்ட பிறகே கொடுமையா என்று பார்க்க வேண்டும். 2014இல் ஒரு சென்னைத் தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உறவுக்கு நெடுங்காலம் மறுப்பதே கொடுமை என்று சொன்னபோதும், போதிய காரணம் இல்லாமல் என்ற நிபந்தனையை விடவில்லை. மனு எழுதுகிறவர்கள்தான் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மனு தள்ளுபடி ஆனது. தனி அறை உடல்நலத்துக்காக இருவரும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு, மனைவி கணவரை ஒதுக்கியதாக எந்தச் சாட்சியமும் இல்லை என்று நீதிபதி தெளிவாக எழுதியிருந்தார். மேல்முறையீட்டுக்கு அவகாசம் இருந்தது. கணவர் போகவில்லை. ஆனால் நகல் பிரிவில் மனுப் போட்டு, தோற்ற அவரே முதலில் தீர்ப்பு நகல் வாங்கியதாக என் குமாஸ்தா வந்து சொன்னார். தோற்றவர் நகல் வாங்கினால் மேல்முறையீட்டுக்குத்தான் என்று நினைத்து, அந்த அம்மாவுக்குப் போன் செய்து எச்சரித்தேன்.

“இல்லைங்க சார்,” என்றார். “அவங்க அக்காகிட்டக் காட்டத்தான்.”