பதினான்கு சென்டிமீட்டர் சரக்குப் பெட்டி

மாதிரி ரயில் செய்பவர்களில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் அளவு ஹெச்.ஓ. நிஜத்தில் 1 அடியாக இருப்பது இதில் 3.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய 87இல் ஒரு பங்கு. அமெரிக்க ரயில்வேக்களில் பாக்ஸ் கார் எனப்படும் 40 அடி மூடிய சரக்குப் பெட்டி இந்த அளவில் சுமார் 14 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். என்ஜினுக்குக் கிடைத்த கவனம் இந்தப் பெட்டிக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஒரே அச்சில் வார்த்த உடலுக்குப் பல ரயில்வேக்களின் வண்ணத்தைப் பூசி விற்பதே வழக்கமாக இருந்தது. அந்த ரயில்வேயிடம் அப்படியொரு பெட்டி உண்மையில் ஓடியதா என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களால்தான் இந்தக் கைத்தொழில் இன்றைய நிலைக்கு உயர்ந்தது.

கேள்விக்கு விடை நிஜப் பெட்டிகளின் வரலாற்றில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ரயில்வேக்களைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டு, 1918இல் பொது வடிவமைப்பில் சரக்குப் பெட்டிகளைச் செய்ய ஆணையிட்டது. மரப்பலகை உடல் கொண்ட பாக்ஸ் கார்கள் அவற்றில் முக்கியமானவை. 1920களில் பென்சில்வேனியா ரயில்வே எக்ஸ்-29 என்ற முழு எஃகுப் பெட்டியைப் பல்லாயிரக்கணக்கில் கட்டியது. 1947இல் புல்மன்-ஸ்டாண்டர்டு நிறுவனம் பி.எஸ்-1 பெட்டியைக் கொண்டுவந்தது. பிற்பாடு ஒரு லட்சத்துக்கு மேல் கட்டப்பட்ட இதுவே மாதிரிக்காரர்களின் செல்லப் பெட்டி. பெயர் ஒன்று என்றாலும் உருவம் ஒன்றல்ல. கதவின் அகலம் 6 அடி, 7 அடி, 8 அடி என்று வாங்கிய ரயில்வேயின் தேவைக்கேற்ப மாறும். ஏணிப்படி சிலவற்றில் எட்டு, சிலவற்றில் ஏழு. கூரைத் தகட்டின் புடைப்பு வடிவமும் கட்டிய காலத்தைப் பொறுத்து வேறுபடும்.

சரக்குப் பெட்டி தன் ஊரோடு நிற்பதும் இல்லை. ரயில்வேக்கள் ஒன்றின் பெட்டியை மற்றொன்று ஏற்று இழுத்துச் செல்லும் ஏற்பாட்டால், பென்சில்வேனியாவின் பெட்டி கலிபோர்னியாவில் நிற்பது அன்றாடக் காட்சி. ஆகவே மலைப்பகுதிக் கிளைப் பாதை ஒன்றை மட்டும் மாதிரியாகச் செய்பவருக்கும் நாடு முழுவதும் ஓடிய பெட்டிகளைப் பற்றிய அறிவு வேண்டும். நிலக்கரி ஏற்றும் ஹாப்பர்கள் இதற்கு ஓரளவு விலக்கு; அவை பெரும்பாலும் சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் அல்லது ஆலைக்கும் இடையே போய்வந்தன.

பெரிய நிறுவனங்கள் பிளாஸ்டிக் அச்சுக்குச் செலவிடும் தொகை, ஓரிரு ரயில்வேக்களில் மட்டும் ஓடிய பெட்டிக்குக் கட்டுப்படியாகாது. அந்த இடத்தை நிரப்புவது ரெசின் வார்ப்பு. சிறிய பட்டறைகளில் ஒருவரோ இருவரோ செய்யும் வேலை இது. முதலில் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் மூலப்படிவம் உருவாகிறது. பழைய தொழிற்சாலை வரைபடம், புகைப்படம், அருங்காட்சியகத்தில் நிற்கும் பெட்டியில் எடுத்த அளவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுத்தான் ஒவ்வொரு கோடும் முடிவாகிறது. ரிவெட் தலை ஒன்று இந்த அளவில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். அவற்றின் வரிசை பிசகினால் பக்கச் சுவர் முழுவதும் கோணலாகத் தெரியும். படிவத்தின் மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பார்கள். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் ரெசின் சில நிமிடங்களில் இறுகும். அதற்குள் காற்றுக் குமிழி வெளியேறிவிட வேண்டும். தங்கினால் மூலையோ ரிவெட்டோ ஓட்டையாகிவிடும். ரப்பர் அச்சும் நெடுநாள் உழைக்காது. ஓரங்கள் கிழியத் தொடங்கியதும் புது அச்சு எடுக்கவேண்டியதுதான். இப்போது கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்த படிவங்களும் பெருகிவிட்டன. ஆனாலும் வரைபவருக்குப் பெட்டி தெரிந்திருந்தால்தான் படிவம் சரியாக வரும்.

வாங்கியவரின் வேலை சோப்பு நீரில் தொடங்குகிறது. அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையைக் கழுவாவிட்டால் வண்ணம் பிடிக்காது. விளிம்பில் படர்ந்த மெல்லிய ரெசின் தோலைத் தேய்த்து நீக்கி, சூப்பர் குளூவால் சுவர்களை இணைத்த பிறகு பொறுமையைச் சோதிக்கும் கட்டம் வருகிறது: கைப்பிடிகள். 0.34 மில்லிமீட்டர் துரப்பணத்தால் கையாலேயே துளையிட்டு, சற்றே மெல்லிய வெண்கலக் கம்பியை வளைத்துச் செருகவேண்டும். பெட்டியோடு சேர்த்து வார்த்த கைப்பிடி சுவரில் ஒட்டிய கோடாகத்தான் தெரியும். கம்பிக்குப் பின்னால் நிழல் விழும்போதுதான் பெட்டிக்கு உயிர் வருகிறது. இந்த உழைப்புக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

பெட்டியின் அடியில் பிரேக் அமைப்பு. பழைய கே வகைக்குப் பதிலாக ஏபி வகை 1933 முதல் புதுப் பெட்டிகளில் வந்தது. எனவே மாதிரியில் எது மாட்டியிருக்கிறது என்பது அது காட்டும் காலத்தைப் பற்றி ஒரு குறிப்புத் தரும். கூரைமேல் ஓடும் நடைபலகையும் அப்படியே: முதலில் மரம், பிறகு எஃகுச் சல்லடை, 1966க்குப் பின் கட்டிய பெட்டிகளில் அதுவும் இல்லை.

வண்ணம் காய்ந்ததும் எழுத்துகள். ரயில்வேயின் பெயரும் எண்ணும் மட்டும் போதாது. கொள்ளளவு, வெற்றுப் பெட்டியின் எடை, கடைசியாக எடை போட்ட இடம், தேதி எல்லாம் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் பெட்டியை மறுபடி எடைபோட்டு, பழைய எண்ணை அழித்துச் சிறு திட்டாக வண்ணம் பூசி, புது எண்ணை ஸ்டென்சிலால் எழுதுவது அன்று ரயில்வே ஊழியரின் வேலையாக இருந்தது. அதனால் புகையும் தூசியும் படிந்த சுவரில் ஒரு சிறு சதுரம் மட்டும் பளிச்சென்று இருக்கும். நல்ல மாதிரிக்காரர் அழுக்கைப் பூசுவதோடு அந்தச் சதுரத்தையும் விட்டுவைக்கிறார். எழுத்துகள் அச்சிட்ட மெல்லிய படலத்தை ஒட்டும்போது அது ரிவெட்டுகளின் மேல் படிய மென்மையாக்கும் திரவம் தடவுவதும், பளபளப்பை அடக்க இறுதியில் மங்கல் பூச்சு அடிப்பதும் இதன் தொடர்ச்சி.

ஓடினால்தான் பெட்டி. இணைப்பிக்குக் கேடீ நிறுவனத்தின் உலோகக் கப்ளர் பலரின் தேர்வு. நிஜ இணைப்பியைப் போல அதன் விரல் வடிவக் கொக்கி மடங்கிப் பற்றும். எடைக்கு, ஒரு அவுன்ஸும் நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் என்பது அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை. ரெசின் உடல் அதைத் தொடாது என்பதால் தரையை மூடுமுன் உள்ளே இரும்புத் துண்டுகளை ஒட்டிவைப்பார்கள்.

இந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து காட்டும் கூடுகைகள் அமெரிக்காவின் பல ஊர்களில் நடக்கின்றன. பரிசுக்காக அல்லாமல் பார்க்கவும் விசாரிக்கவும் நீண்ட மேசைகளில் பரப்பிவைக்கிறார்கள். பலவற்றின் பக்கத்தில் நிஜப் பெட்டியின் புகைப்படம் இருக்கும். வண்ணம் பூசாத பெட்டிகளும் அங்கே வரும். எது வார்த்தது, எது ஸ்டைரீனில் புதிதாகச் செய்தது, எந்தக் கம்பி பின்னர் சேர்ந்தது என்பதை அவற்றில்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள முடியும். ஏணிப்படி ஒன்று கூடிவிட்டது என்று சுட்டிக்காட்ட அங்கே எப்போதும் ஒருவர் இருப்பார். செய்தவரும் புகைப்படத்தை எடுத்து உடனே எண்ணிப்பார்ப்பார்.