மடக்குக் கத்தி

கணக்கெழுதும் கிராணிக்குக் கத்தி எதற்கு என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். உர மூட்டையின் தையலைப் பிரித்தல், தபாற்கட்டின் கயிற்றை அறுத்தல், பென்சில் சீவுதல், நடுப்பகலில் ஒரு கொய்யாக்கனியைப் பிளத்தல் ஆகிய இத்தனைக்கும் தோட்டத்துக் கிராணியின் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தே தீரவேண்டும். அவ்வாறு நாம் வாங்கியவை நான்கு. அவற்றுள் மூன்று வீண். அக்கதையைக் கூறுதல் நமக்குப் பெருமையன்று. எனினும் பிறர்க்குப் பயன்படக்கூடும் என்று கருதி எழுதலானோம்.

முதற் கத்தியைப் பட்டணத்துக் கடையொன்றில் அதன் பளபளப்பைக் கண்டு வாங்கினோம். துருவேறாத எஃகு என்று அலகின்மேல் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமக்கு அவ்வெழுத்தே போதுமான சான்றாயிற்று. மழைக்காலம் முடியுமுன்னே அவ்வெழுத்தின்மீதே துரு படர்ந்தது. இரண்டாவதில் திருப்புளி, கத்தரிக்கோல், அரம் என்று பதினொரு கருவிகள் இருந்தன, பதினொன்றும் ஆடின. மூன்றாவதன் குற்றமோ கத்தியைக் காட்டிலும் நம்மையே அதிகம் சாரும்.

மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு வில் உண்டு. திறந்த அலகை மடங்காமல் நிறுத்துவது அதுவே. நமது கத்தியில் அவ்வில் தளர்ந்துவிட்டதை அறிந்தும், இன்னும் சில நாள் தாங்கும் என்று வைத்திருந்தோம். ஒருநாள், மரம் சீவும் பெரியவர் ஒருவரின் பேரன் ஒட்டுப்பால் சாக்கின் முடிச்சை அவிழ்க்க இயலாமல் நம்மிடம் கத்தி கேட்டான். கொடுத்தோம். பையன் நுனியை முடிச்சுக்குள் குத்தி நெம்பினான். அலகு மடங்கி அவன் ஆட்காட்டி விரலில் இறங்கிற்று. மருந்தகத்தில் நான்கு தையல் போட்டார்கள்.

பெரியவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கத்தியை எடுத்து இருமுறை திறந்து மடக்கினார். "ஐயா, வாங்கும்போது இப்படிச் செஞ்சு பார்க்கலீங்களா?" என்றார். நாம் எழுத்தைப் படித்துப் பார்த்திருந்தோம், செய்து பார்த்ததில்லை. அந்தக் கையோ, நாள்தோறும் உளியைத் தீட்டி, மரத்தின் உயிர்ப்பகுதியைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவியெடுத்த கை. செக்ரோலில் அவர் பெயரை மாதந்தோறும் எழுதிவந்த நாம், அவரிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு என்று ஒருபோதும் எண்ணினோமில்லை.

அடுத்த ஞாயிறன்று அவரை வேண்டி அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். அவர் எந்தக் கத்தியின் பெயரையும் கேட்கவில்லை. அலகைத் திறந்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். ஆணி இறுகியதில்லையேல் அலகு ஆடும். அலகின் முதுகைப் பலகையில் மெல்ல அழுத்தினார். அதற்கே மடங்குவதாயின் விரலுக்கு ஆபத்து. மடக்கியபின் நுனி பிடிக்குள் முழுதும் அடங்குகின்றதா என்று தடவிப் பார்த்தார். கூரை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணோட்டினார். கடைசியாகக் கையை நனைத்துக்கொண்டு பிடி வழுக்குகின்றதா என்று சோதித்தார். ஒன்பது கத்திகளை ஒதுக்கினார்.

நிற்க. வீடு திரும்பியபின் சில செய்திகளைப் படித்தறிந்தோம். ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார் 1913ஆம் ஆண்டு கண்ட துருவேறா எஃகில் குரோமியம் கலந்துள்ளது. அது துருவை எதிர்க்குமேயன்றி, எக்காலும் துருவே ஏறாது என்பதில்லை. கலப்பற்ற கரி எஃகு எளிதில் கூரேறும். ஆனால் நம் நாட்டு ஈரத்தில் துடையாமல் விட்டால் விரைவிற் கெடும். சுவிட்சர்லாந்துப் படைவீரர்க்கென 1890ஆம் ஆண்டு வகுத்த கத்தியில் அலகு, துளையூசி, டப்பி திறப்பான், திருப்புளி ஆகிய நான்கே இருந்தன. ஒரு படைக்கு நான்கு போதுமாயின் ஒரு கிராணிக்குப் பதினொன்று எதற்கு? பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890ஆம் ஆண்டு செய்த மரப்பிடிக் கத்திக்கு, 1955ஆம் ஆண்டு கழுத்தில் ஒரு வளையம் சேர்த்தார்கள். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும்.

பெரியவர் தேர்ந்துகொடுத்தது அவ்வகைக் கத்தியே. அதற்கும் குறையுண்டு. மழையில் மரப்பிடி ஊதி, அலகைத் திறப்பது கடினமாகும். "மூட்டுல எண்ணெய் விடுங்க ஐயா, பால் ஒட்டுனா அன்னைக்கே எடுத்துடுங்க" என்றார். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு வருகின்றோம். இன்றளவும் ஆடவில்லை.

பையனின் விரல் ஆறிவிட்டது; தழும்பு நிற்கின்றது. பள்ளி விடுமுறையில் அலுவலகத்துப் பக்கம் வரும்போது நமது புதுக் கத்தியைக் கேட்டு வாங்குவான். வளையத்தைத் திருப்பிப் பூட்டிய பின்னரே முடிச்சில் வைப்பான்.

அன்பர்களே, கத்தி வாங்கச் செல்வோர் அலகின் எழுத்தைப் படிக்குமுன் ஆணியையும் வில்லையும் பூட்டையும் சோதிப்பீர்களாக. சோதிக்கத் தெரியாவிடின், தெரிந்த தொழிலாளி ஒருவரை நாணாது கேட்பீர்களாக. அறிந்தே ஒரு குழந்தையின் கையிற் கொடுக்கத் தகாத கத்தி, நம் பையிலும் இருக்கத் தகாது.