மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

கொளத்தூரில் கலர் மீன் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெரு. அதில் ஒரு கடையின் பின்கட்டு. சுவரோரம் சிமென்ட் தொட்டிகள், நடுவில் ஒரு தகர மேசை, பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ஆக்சிஜன் சிலிண்டர். பார்சலுக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்கார்ந்தவரை யாரும் என்ன ஏதென்று கேட்பதில்லை.

மேசையில் நிற்கும் பெண்மணியை எல்லோரும் அக்கா என்கிறார்கள். கட்டிலிருந்து மீன் போடும் பிளாஸ்டிக் கவர் ஒன்றை உருவி முதலில் மோந்து பார்க்கிறார். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த கவர் என்றால் ஒரு நெடி அடிக்கும். அது ஓரமாகப் போய்விடுகிறது. நெடி இல்லாததில் காற்றை அடைத்து, வாயைத் திருகி, கன்னத்தோடு வைத்து அமுக்குகிறார். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்றுப் படும். தேறிய கவரின் அடிமூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுகிறார்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்கிறான்: "மூலையை எதுக்குக்கா கட்டணும்?"

"குட்டி மீன் அந்த இடுக்குல போய் மாட்டிக்கும்டா. பெட்டி குலுங்கும்போது வெளிய வரத் தெரியாம நசுங்கிடும்."

இனி தண்ணீர். பையன் பாதிக்கு மேல் ஊற்றுகிறான். அக்கா வாங்கி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் விட்டு, மிச்சத்தைத் தொட்டியிலேயே கொட்டுகிறார். மீன்கள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்றை முழுக்கப் பிதுக்கி வெளியேற்றுகிறார்; பிறகு சிலிண்டர் குழாயை நுழைத்து, மேலே உள்ள இரண்டு பங்கையும் ஆக்சிஜனால் நிரப்புகிறார். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். தண்ணீரில் கரைந்திருப்பதோ அதைவிட மிகக் குறைவு. வெயில் ஏற ஏற இன்னும் குறையும். வழியில் மீனைக் காப்பாற்றப்போவது தண்ணீருக்கு மேலே நிற்கும் அந்த வாயுதான். அது தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே கரைய முடியும். அதனால்தான் கட்டிய கவரைப் பெட்டியில் நிறுத்தாமல் படுக்க வைக்கிறார்கள். படுத்தால் பரப்பு விரிகிறது.

கவர்களிலும் வகை உண்டு. கப்பிக்கும் மோலிக்கும் 200 கேஜ், அதாவது 50 மைக்ரான் கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் போதும். கையளவு வளர்ந்த ஆஸ்காருக்கு 300, 400 கேஜ் வேண்டும். உள்கவரைத் தலைகீழாகத் திருப்பித்தான் வெளிக்கவரில் இறக்குகிறார். ஒன்றின் கட்டு கசிந்தாலும் மற்றது தாங்கும்.

சக்கர் மீனின் முறை வந்ததும் வேகம் குறைகிறது. அதன் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் முன்னால் கெட்டியான முள் நிற்கும், பயந்தால் விறைத்துக்கொள்ளும். இரண்டு கவர்களுக்கும் நடுவே அக்கா செய்தித்தாளைச் சுற்றி வைக்கிறார். முள் உள்கவரைத் துளைத்தாலும் தாளோடு நின்றுவிடும். தாள் வெளிச்சத்தையும் மறைக்கிறது. இருட்டில் மீன் அவ்வளவு மிரளாது.

ஃபைட்டர்கள் தனித்தனியாகக் குட்டிக் கவர்களில். ஆண்களைச் சேர்த்துப் போட்டால் கிழித்துக்கொள்ளும். இவற்றுக்குச் சிலிண்டர் இல்லை, வெறும் காற்றுதான். தாய்லாந்துப் பக்கத்தில் ஆக்சிஜன் குறைந்த சேற்றுக் குட்டைகளில் பிழைத்த இனம் இது. தலைக்குள் இருக்கும் தனி உறுப்பால் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும்.

பையன் செல்போனை நீட்டுகிறான். "அக்கா, மூச்சு விடுற கவர்னு ஒண்ணு இருக்காம். அதுலயே எல்லாத்தையும் போட்டா என்ன?"

பதில் முதலாளியிடமிருந்து வருகிறது. அந்தக் கவரின் படலம் வழியாகவே ஆக்சிஜன் உள்ளே வரும், கரியமில வாயு வெளியே போகும். அதனால் உள்ளே காற்றே விடாமல் தண்ணீரை முழுக்க நிரப்பிக் கட்ட வேண்டும். இன்னொரு பிளாஸ்டிக்குக்குள் போட்டால் மூச்சு அடைபடும். "இதுல ஃபைட்டரைப் போட்டா, காத்துக்கு மேல வரும், காத்து இருக்காது. தண்ணிக்குள்ளயே மூச்சுத் திணறிச் செத்துடும்டா. கவர் நல்ல கவர்தான். எந்த மீனுக்குன்னு பார்க்கணும்."

வெளியூர் வியாபாரி ஒருவர் அவசரப்படுத்துகிறார். "கவருக்கு இன்னும் பத்து மீன் சேத்துப் போடுங்கக்கா. பெட்டி ஒண்ணு குறையும்ல?"

அக்கா கேட்பது ஒன்றுதான். "எத்தனை மணி நேரம்ணா?"

ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் என்கிறார். அக்கா தலையை ஆட்டி மறுக்கிறார். நேற்றிலிருந்து இந்த மீன்களுக்குத் தீனி போடவில்லை, கவருக்குள் கழிவு குறையட்டும் என்று. அப்படியும் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். கூடும் ஒவ்வொரு மீனும் ஆக்சிஜனைக் குடிக்கும், நஞ்சைச் சேர்க்கும். "வேணும்னா கவரைக் கூட்டித் தரேன். மீனைக் கூட்ட மாட்டேன்." வியாபாரி முனகிக்கொண்டே இன்னொரு பெட்டிக்குச் சம்மதிக்கிறார். விமானத்தில் போக வேண்டிய கவர்களை மட்டும் அக்கா கொஞ்சம் தளர்வாகக் கட்டுகிறார். மேலே அழுத்தம் குறையும்போது அவை உப்பும்.

தெர்மாகோல் பெட்டியை மூடும் முன் அச்சடித்த தாள் ஒன்றை மேலே வைக்கிறார். கவரைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிரித்தபின் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். காரணம் அந்தத் தாளில் இல்லை. மூடிய கவரில் சேரும் கரியமில வாயு தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டி அம்மோனியாவின் கடுமையை அடக்கி வைத்திருக்கிறது; பிரித்தால் வாயு பறந்துபோகும், அம்மோனியா வீரியம் பெறும். வழியெல்லாம் பிழைத்த மீன் வீட்டு வாசலில் சாவது பலமுறை இப்படித்தான்.

மீன் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம். எந்தக் கவரில் அனுப்புவீர்கள், எத்தனை மீன் போடுவீர்கள் என்றும் கேட்க வேண்டும். மீன் தன் பங்குக்குப் பேரம் பேசாது. அதற்காக இப்படி மேசையில் நின்று மறுக்கிற ஆள் இருக்கும் கடையில்தான் மீன் வாங்க வேண்டும். அங்கே கூடுதலாகக் கேட்கிற ஒரு பெட்டிக் காசைத் தயங்காமல் கொடுக்க வேண்டும்.