கிணற்றடிக் கறிவேப்பிலை

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. ‘இருந்தது’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில், சித்தப்பாவுக்கு அறை கட்டுவதற்காக அதை வெட்டிவிட்டார்கள்.

அப்பாயி திருமணமாகி வந்த ஆண்டில் நட்ட மரமாம் அது. அரிசி களைந்த நீரையும் புளித்த மோரையும் அவர்கள் அதற்கே ஊற்றுவார்கள். தெருவில் எந்த வீட்டில் தாளிக்க எண்ணெய் காய்ந்தாலும், ஒரு சிறுமி எங்கள் கொல்லைக்கு ஓடி வருவாள். “கிளையை ஒடிக்காதே, ஈர்க்கோடு கிள்ளிக்கொள்” என்பார்கள் அப்பாயி. கடைக் கறிவேப்பிலையை நான் பார்த்ததே மரம் போன பிறகுதான். அதையும் காய்கறிக்காரர் கொசுறாகத்தான் தருகிறார்!

மரம் விழுந்த அன்று அப்பாயி ஒன்றும் பேசவில்லை. ரசத்தைத் தாளிக்காமலே இறக்கி வைத்தார்கள். அவர்கள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

பள்ளி நூலகத்தில் ஒரு தாவரவியல் நூலை எடுத்துப் பார்த்தேன். 1768இல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்த கோனிக் என்பவரின் பெயரை லின்னேயஸ் 1771இல் இம்மரத்துக்குச் சூட்டினாராம். பெருமையோடு அப்பாயியிடம் சொன்னேன். “பேர் வைத்தவர் தண்ணீர் ஊற்றினாரா?” என்று கேட்டார்கள். வெட்டிய பிறகு அவர்கள் மரத்தைப் பற்றிப் பேசியது அதுவே முதல் முறை.

கறிவேப்பிலையின் வேர் ஓடிய இடங்களில் பக்கக்கன்றுகள் முளைக்கும். துவைகல்லின் ஓரத்தில் இரண்டைக் கண்டேன். முதல் கன்றை அவசரத்தில் இழுத்து வேரை அறுத்துவிட்டேன். மூன்றே நாளில் அது காய்ந்துபோயிற்று. இரண்டாவதை மழை பெய்த மறுநாள் மண்ணோடு பெயர்த்து வேலியோரம் நட்டேன். ஐப்பசியில் ஆறு ஈர்க்குகள் விட்டது.

ஒரு நாள் இலைகளில் பறவை எச்சம் போல ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தால் புழுக்கள்! கறிவேப்பிலையும் எலுமிச்சையின் குடும்பம்தான். ஆகவே, எலுமிச்சையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி இதிலும் இடுகிறது. மாலைக்குள் இரண்டு ஈர்க்குகள் மொட்டையாகிவிட்டன.

மறுநாள் விடியற்காலையில் குச்சியோடு ஓடினேன். அப்பாயி எனக்கு முன்பே அங்கே குந்தியிருந்தார்கள். பக்கத்தில் மோர்ச் சொம்பு.

“எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன்” என்றார்கள்.

ரசத்துக்கு இன்னமும் கொசுறுக் கறிவேப்பிலைதான். கன்றில் கை வைக்க இரண்டு வருடம் ஆகும் என்கிறார்கள் அப்பாயி.