உள்ளே விட்ட துணி

சிலப்பதிகாரம் தையற்காரரைத் துன்னகாரர் என்கிறது. துன்னுதலுக்கு நெருங்குதல் என்றும் பொருளுண்டு. எங்கள் தெருத் தையற்கடையில் தொழில் பழகும் இளைஞனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொருள் நினைவுக்கு வருகிறது.

காஜா எடுப்பதும் பித்தான் தைப்பதும் கைவந்தபின் அவனுக்குப் பழைய ரவிக்கைகளைப் பிரிக்கக் கொடுத்தார்கள். துணி கிழியாமல் நூலை மட்டும் அறுக்க வேண்டும். பிரித்தால்தான் முன்பு தைத்தவரின் மனம் தெரியும்: நாளை உடல் பருக்கலாம் என்று பக்கத்தையலுக்குள் ஓரங்குலத் துணி விட்டிருப்பார். தன் கை தைக்காத துணியை நெருங்க அவன் அப்படித்தான் கற்றான்.

ஆயத்த ஆடைகள் பலவற்றில் ஓவர்லாக் இயந்திரம் அந்த ஓரத்தை ஒட்ட நறுக்கிவிடுகிறது. ‘பிரிச்சு விட உள்ள துணி இல்லீங்களே’ என்று அவன் திருப்பிக் கொடுக்கையில், வாங்கிச் செல்பவரைவிட அவனுக்கே இழப்பு அதிகம் என்று தோன்றும்.