குளிர்ந்த காற்று சொன்ன செய்தி

சென்ற மார்கழியில் ஏற்காட்டிலிருந்து ஃபேர்லேண்ட்ஸ் திரும்பிய இரவில், குளிரில் நடுங்கிய இளைய மகளுக்காகக் காரின் ஹீட்டரைப் போட்டேன். குளிர்ந்த காற்றே வந்தது. 'சேலத்து வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?' என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

சில நாள் கழித்துக் காரைப் பார்த்த மெக்கானிக், ஹீட்டரைத் தொடவில்லை. எஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். நீர் வெகுவாகக் குறைந்திருந்தது.

"ஹஜ்ரத், எஞ்சினைச் சுற்றிவரும் நீரின் சூடுதான் ஹீட்டருக்கு வருகிறது. நீர் குறைந்தால் ஹீட்டர் குளிரும்; பிறகு எஞ்சின் கொதிக்கும். இன்னொரு முறை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறியிருந்தால் எஞ்சினே போயிருக்கும்!"

கசிந்த ரப்பர் குழாயை மாற்றி, கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். வெப்பக் காற்று வீசியது.

குறை தெரியும் இடம் வேறு. இருக்கும் இடம் வேறு. மதரஸாவில் பாடம் மறக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், "சாப்பிட்டாயா?" என்று இப்போது கேட்கிறேன்.